கொரியா டீச்சர்

யார் வீட்டுக்குப் போனாலும் ஷரீஃபா டீச்சர் முதலில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிடுவார். கல்யாண வீடோ மவுத்தான வீடோ, சும்மா கறிவேப்பிலை கேட்டுப் போன வீடோ, எல்லாம் ஒன்றுதான். குனிந்து பார்ப்பதெல்லாம் கிடையாது. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிடும் நேரத்துக்குள் கண் கீழே போய் மேலே வந்துவிடும். உள்ளே போய் உட்கார்ந்து, சாயா கிளாஸ் கைக்கு வந்ததும் கேட்பார்: "ஆறு ஜோடி கெடக்குது. நீங்க அஞ்சு பேருதானே? வந்திருக்கறது யாரு?" பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து மாடியில் ஒளிந்திருந்த மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு தானாகவே இறங்கி வந்தாள். டீச்சர் அவளுக்கு ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை.

"மனுஷன் பொய் சொல்லுவான், செருப்பு சொல்லாது" என்பது அவருடைய வேதவாக்கு. செருப்பு மட்டுமல்ல, கொடியில் காயும் லுங்கியை எண்ணி அந்த வீட்டில் ஆண்கள் எத்தனை பேர் என்று சொல்வார். குளியலறைச் சாளரத்தில் நிற்கும் பல்துலக்கிகளையும் விடமாட்டார். எது வீடு, எது வீடில்லை என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேட்டில் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கிறது. டீச்சரிடம் ஒரே வரிதான். "செருப்பைக் கழட்டிட்டு நுழைஞ்சா வீடு. போட்டுட்டே நுழைஞ்சா கடை, ஆபீஸ், கோடவுன். அவ்வளவுதான்."

வயது ஐம்பத்தெட்டு. குடியிருப்பது கொச்சியின் மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம் ஒரு பழைய மாடி வீடு. பாலக்காட்டிலிருந்து வியாபாரத்துக்காக வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ். படித்தது, பாடம் நடத்தியது எல்லாம் மலையாளம். அதனால் சந்தைச் சீட்டுக்கூட அவர் எழுதினால் தமிழ்ச் சொல் மலையாள எழுத்தில் இருக்கும். "பேசுனா தமிழு, எழுதுனா மலையாளம், கூட்டுனா கணக்கு. நம்மளுக்கு மூணு பாஷை" என்பார். தொடக்கப் பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். இரண்டாயிரத்தொன்றிலும் பதினொன்றிலும் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வீடு வீடாகப் போனவர். இருபத்தொன்றில் மூன்றாவது முறையும் போகலாம் என்று புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தார். கொரோனா வந்தது, கணக்கெடுப்பு தள்ளிப்போனது, தள்ளிப்போனது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, நடுவில் டீச்சருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. "எண்ணி முடிக்கறதுக்கு முன்னாடி என்னையக் கழிச்சுட்டாங்க" என்று இன்றைக்கும் புலம்புவார்.

வீட்டுக்காரர் அலாவுதீன் சுக்கு, மிளகுத் தரகர். அவர் உள்ளே வந்தாலே வீட்டுக்குச் சுக்கு வாசனை வந்துவிடும். மனைவியைக் கேலி செய்யாத நாள் அவருக்கு ஜீரணமாகாத நாள். ஓய்வு பெற்ற மனைவி செருப்பு எண்ணிக்கொண்டு தெருவில் அலைவதைவிட, மேஜைமேல் காகிதத்தை எண்ணிக்கொண்டு வீட்டில் இருப்பது மேல் என்று அவர் நினைத்த சமயத்தில்தான் கொரியா வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவள் லமியா, டீச்சரின் தம்பி மகள்; டீச்சரை மாமி என்று கூப்பிடுவாள். பெங்களூரில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். வேலை வீட்டிலிருந்தே, டீச்சர் வீட்டு மாடி அறைதான் அவளுக்கு ஆபீஸ். ஆசிய நாடுகளின் மக்கள்தொகையை வரைபடப் புத்தகமாகப் போடுகிறார்கள். அதில் வடகொரியா லமியாவின் பங்கு. அது வாயைத் திறக்காத நாடு. எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று வெளியே ஒரு மூச்சு விடாது. அந்த நாடு உலகத்தின் முன் விரித்துக் காட்டிய கடைசிக் கணக்கெடுப்பு இரண்டாயிரத்தெட்டில் நடந்தது. பதினெட்டில் எடுப்பதாக இருந்தது நடக்கவில்லை. அந்தப் பழைய அறிக்கையின் பக்கங்களை மங்கலாகப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். எண்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, சரிபார்க்க வேண்டும். கண்ணுக்குப் பொறுமையும் கூட்டலில் பிடிவாதமும் உள்ள ஆள் ஒருவர் தேவைப்பட்டார். லமியா கீழே எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் மாமி பேப்பரில் வந்த மாவட்டவாரி மழையளவைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் பாதி கொரியாவுக்குப் போய்விட்டது. ஒரு மர அடிக்கோல், ஒரு பூதக்கண்ணாடி, சீவிச் சீவிச் சுண்டுவிரலளவுக்கு வந்துவிட்ட பென்சில். கோலை ஒரு வரிசைக்குக் கீழே வைத்து, எண்ணை உரக்கச் சொல்லி, பிறகுதான் தட்டுவார். ஒரு பத்தி முடிந்ததும் மேலிருந்து கீழே கூட்டுவார். பிறகு கீழிருந்து மேலே. "எறங்கும்போது கால் வழுக்கும். ஏறும்போதுதான் எங்க வழுக்குச்சுன்னு தெரியும்." அந்த நாட்டு மாகாணப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. மலைகளும் குறைந்த ஜனமுமாக இருந்த ரியாங்காங்குக்கு "நம்ம இடுக்கி" என்று பெயர் வைத்தார். தலைநகரம் பியோங்யாங் "எர்ணாகுளம்" ஆனது. ஒரு மாதத்துக்குள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். எர்ணாகுளத்துக்குப் போய்வருகிறேன் என்று அலாவுதீன் சொன்னால், "எந்த எர்ணாகுளம், பிராட்வே உள்ளதா, கொரியாவுல உள்ளதா?" என்று லமியா கேட்பாள்.

டீச்சருக்கு அந்த நாடு பிடித்துப்போனது. அரசாங்கம் பிடித்ததாகச் சொல்ல முடியாது, கணக்கெடுப்பு பிடித்தது. கேட்ட கேள்விகள் அவர் தெருத்தெருவாகக் கேட்டவைதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கக்கூஸ் வீட்டுக்குள்ளா வெளியிலா, எதை எரித்துச் சமைக்கிறீர்கள். தன்னைப் போலவே இன்னொரு டீச்சர் அங்கேயும் ஒரு பையை மாட்டிக்கொண்டு, மாடி ஏறி, மூச்சு வாங்கி, கதவைத் தட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வார். "அவளுக்கும் கால் வலிச்சிருக்கும்ல?" என்று ஒருநாள் அலாவுதீனிடம் கேட்டார். அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "தைலம் வேணா பார்சல் அனுப்பு" என்றார்.

அப்புறம்தான் ஏழு லட்சம் பேர் காணாமல் போனார்கள்.

நாட்டின் மொத்தம் ஒரு பக்கத்தில் இருந்தது: இரண்டு கோடியே நாற்பது லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து இருநூற்று முப்பத்தொன்று. தலைநகரையும் சேர்த்து மாகாணங்கள் பத்து. பத்தையும் கூட்டினால் இந்த மொத்தம் வர வேண்டும். டீச்சர் மேலிருந்து கீழே கூட்டினார். வரவில்லை. கீழிருந்து மேலே கூட்டினார். அதே அளவுக்கு வரவில்லை. குறைவு ஏழு லட்சத்து இரண்டாயிரத்து முன்னூற்று எழுபத்திரண்டு. முதல் நாள் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக் கண்ணாடி மாற்றினார். இரண்டாம் நாள் கணினியைச் சந்தேகப்பட்டுக் காகிதத்தில் கூட்டினார். மூன்றாம் நாள் மீன்குழம்பில் புளி போட மறந்தார்.

"முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ, ஏழு லட்சம் பேரைத் தொலைச்சுட்டு உக்காந்திருக்கா" என்றார் அலாவுதீன், புளியில்லாத குழம்பைப் பார்த்து. "சரி, தொலைஞ்சது ஆம்பளயா பொம்பளயா?"

அது டீச்சருக்குத் தோன்றவே இல்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வயதுப் பட்டியலை எடுத்தார். அரை மணி நேரம் கழித்து வந்து சொன்னார்: "முக்கால்வாசிக்கும் மேல ஆம்பளைங்க. எல்லாம் சின்ன வயசு."

"பின்னே என்ன? இருபது வயசுப் பசங்க வீட்ல இல்லைன்னா பட்டாளத்துல இருப்பாங்க. இதுக்குப் போய் எனக்குப் புளியில்லாத குழம்பா?"

லமியா மாடியில் போய்ப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு வந்தாள். ஆராய்ச்சிக்காரர்களும் மாமா சொன்னதைத்தான் சொல்கிறார்கள் என்றாள். முகாம்களில் இருக்கும் பட்டாளக்காரர்கள். நாட்டின் மொத்தத்தில் இருக்கிறார்கள். எந்த மாகாணத்திலும் இல்லை.

அன்று மத்தியானம் ஒச்சம்மாள் வந்தபோதும் டீச்சர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். யூதர் தெருவான ஜூ டவுனில் சுற்றுலா வண்டிகள் நிற்கும் இடத்தில் அவித்த கடலை விற்கிறார். கூடை காலியானால் டீச்சர் வீட்டில் சாயா குடித்துவிட்டுப் போவது பல வருஷப் பழக்கம். கதையை முழுக்கக் கேட்டார். கொரியா எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்கவில்லை. "ஏழு லட்சம் பேரா? அம்புட்டுப் பேருக்கும் யாரு டீச்சர் சோறாக்குறா?" என்றார்.

டீச்சர் அட்டவணையில் பத்து மாகாணங்களுக்குக் கீழே பதினோராவதாக ஒரு வரிசை சேர்த்தார். "எந்த மாகாணத்திலும் சேராதவர்கள்" என்று அதற்குப் பெயர். எண்ணைப் போட்டார். மேலிருந்து கீழேயும் கீழிருந்து மேலேயும் கூட்டினார். மொத்தம் வந்துவிட்டது. மறுநாள் மீன்குழம்பு நன்றாக இருந்தது என்று அலாவுதீனே ஒப்புக்கொண்டார்.

ஒரு வாரத்தில் பெங்களூரிலிருந்து சேதி வந்தது. லமியாவின் மேலாளர் சங்கர்ராம் அனுப்பியது. அவர் கெட்ட மனிதர் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை மேடம் போடுகிற, பொறுமையான ஆள். வரைபடத்தில் பத்து மாகாணங்கள், பத்து நிறங்கள். பதினோராவது வரிசைக்கு நிறம் தீட்ட நிலம் இல்லை. ஆகவே ஏழு லட்சத்தையும் பத்து மாகாணங்களுக்கு விகிதப்படி பிரித்துச் சேர்த்துவிடலாம், ஒரு சூத்திரம் போட்டால் இரண்டு நிமிஷ வேலை என்று எழுதியிருந்தார். அட்டவணையின் அடியில் "சரிபார்த்தவர்" என்று டீச்சரின் பெயர் வரும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வேண்டும்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றாரு. மாட்டேன்னு எழுதிரு" என்றார் டீச்சர்.

லமியாவுக்கு முகம் வாடிவிட்டது. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் தனியாக முடித்துக்கொடுக்கும் முதல் வேலை இது. இதை வைத்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். "மாமி, நான் சொல்றதக் கேளுங்க. ஆளு ஒண்ணும் கொறையலையே? மொத்தத்துல எல்லாரும் இருக்காங்கல்ல? யாரையும் விடலையே?"

டீச்சர் அடிக்கோலை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே சொற்களை, இதே வரிசையில், அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அது அவர் எடுத்த இரண்டாவது கணக்கெடுப்பு. அடுத்த சந்தில் ஒரு சுக்குக் கிடங்கு இருந்தது. முதலாளி மரியாதைப்பட்டவர், டீச்சருக்கு நாற்காலி போட்டு, நல்ல சாயா கொடுத்தார். "ஆள் தாமசமில்லை டீச்சரே, வெறும் கோடவுன்" என்றார். இங்கே யாரும் குடியில்லை என்று அர்த்தம். டீச்சர் செருப்புக் காலோடு உள்ளே நடந்து பார்த்தார். மூட்டைகளுக்குப் பின்னால் சுவரோரம் பதினோரு தட்டுகள் கவிழ்ந்திருந்தன. கயிற்றில் லுங்கிகள். ஒரு தகரப் பெட்டி. அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, கேட்டதும் பதினோரு பேரையும் தடங்கலில்லாமல் சொன்னாள். முத்துராமலிங்கம், அவர் தம்பி, இசக்கிமுத்து என்று பத்து சுமைதூக்கும் ஆட்கள். பதினோராவது அவர்களுக்குப் பொங்கிப் போடும் அவள், ஒச்சம்மாள்.

கண்ணால் கண்டவர்களை எழுதாமல் விட டீச்சருக்கு மனசு வரவில்லை. ஆளே இல்லை என்று சொன்ன முதலாளியின் வாயை மீறிக் கிடங்கை வீடு என்று எழுதத் துணிச்சலும் வரவில்லை. வேறு எந்த ஊழியருக்கும் தோன்றாத ஒரு வழி அவருக்குத் தோன்றியது. பதினோரு பேரையும் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைத்துவிட்டார். தையல்காரர் வீட்டில் மூன்று பேர். ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டில் மூன்று பேர். வலை விற்கும் சேவியர் வீட்டில் இசக்கிமுத்துவும் இன்னொருவரும். மிச்சம் மூன்று பேரைத் தன் வீட்டிலேயே எழுதிக்கொண்டார். முத்துராமலிங்கம், தம்பி, ஒச்சம்மாள். கிடங்குக்கு நேரே, ஆள் வசிப்பில்லை. மொத்தம் துல்லியமாக வந்தது. ஒரு தலையைக்கூட விடவில்லை என்று மேற்பார்வையாளர் தட்டிக்கொடுத்தார். விஷயம் தெரிந்த அலாவுதீன் மட்டும், "சர்க்கார் கணக்குல என் குடும்பம் ரொம்பப் பெரிசு, உசிலம்பட்டி வரைக்கும் இருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். டீச்சரும்தான் சிரித்தார்.

இரண்டு வருஷத்தில் கிடங்கு கைமாறியது. ஓட்டலாக்கப் போகிறார்கள். இடிக்கும் முன் உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர்கள் கையில், டீச்சரின் எழுத்தைப் பார்த்து எழுதிய வீட்டுப் பட்டியல் இருந்தது. ஆள் வசிப்பில்லை என்றால் முன்னறிவிப்பு எதற்கு, மாற்று இடம் எதற்கு? பள்ளி விட்டுக் குடையோடு வந்த டீச்சர், பதினோரு பேரும் தட்டுகளோடும் தகரப் பெட்டியோடும் மழையில் நிற்பதைப் பார்த்தார். ஒச்சம்மாள்தான் எதிரே வந்தார்.

"டீச்சர், எங்க பதினோரு பேரையும் எழுதுனீங்கல்ல? நாந்தான பேரெல்லாம் சொன்னேன்."

"எழுதினேன்."

"எங்க எழுதுனீங்க? இங்கிட்டு ஒருத்தரும் இல்லன்னு சொல்றாங்களே."

டீச்சருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உன்னை என் வீட்ல எழுதினேன், ஒச்சம்மா."

ஒச்சம்மாளிடம் கோபமில்லை, கிண்டலும் இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். "அப்ப அங்கிட்டு வந்துரட்டுமா?"

அன்று பட்ட வெட்கம் டீச்சருக்கு இன்னும் ஆறவில்லை. ஒச்சம்மாளை வீட்டுக்குக் கூட்டிப் போனார். நான்கு நாள் அடுக்களையில் படுத்திருந்துவிட்டு அவர் வேறு அறை பார்த்துக்கொண்டார். முத்துராமலிங்கமும் தம்பியும் ஏலூர்ப் பக்கம் வேலைக்குப் போனார்கள். இரண்டு பேர் வைப்பின் தீவில் படகு வேலைக்குப் போனதாகக் கேள்வி. மற்ற ஆறு பேர் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் டீச்சர் எங்கே போனாலும் செருப்பை எண்ண ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு சங்கர்ராமே போனில் கூப்பிட்டார். லமியா சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்தாள். அடுக்களை வாசலில் ஒச்சம்மாள் சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்க வேலை அருமை. அந்த ஒரு வரிசை மட்டும்தான். மேப்ல அதுக்கு இடம் இல்லை."

"இடமில்லாத ஆளுங்கதானே அவங்க? அதைத்தானே நான் எழுதியிருக்கேன்."

"டோட்டல் டாலி ஆகணும் மேடம்."

"ஆகுதே. பதினொண்ணையும் கூட்டிப் பாருங்க. பிசகாது."

"படிக்கிறவங்க குழம்புவாங்க."

"குழம்பட்டும். நான் மூணு நாள் குழம்பினேன். எனக்கு ஒண்ணும் ஆகலை, குழம்புலதான் புளி இல்லாமப் போச்சு."

சங்கர்ராம் சிரித்தார். பிறகு சொன்னார்: "சரி மேடம், உங்களைக் கஷ்டப்படுத்தலை. உங்க பேரை எடுத்துட்டு நானே பிரிச்சுப் போட்டுடறேன்."

இதை டீச்சர் எதிர்பார்க்கவில்லை. தான் கையெழுத்துப் போட மறுத்தால் காரியம் நின்றுவிடும் என்று அவர் நம்பியிருந்தார். கோலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தார். 

"பேரை எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த ஏழு லட்சத்துல ஒரு பையன். இருபது வயசு. அவனைக் கொண்டுபோய் ரியாங்காங்குல உக்கார வெக்கறீங்க. அங்க எந்த வீட்ல அவன் சாப்பிடறான்? அந்த வீட்டைக் காட்டுங்க, நானே அவனை அங்க எழுதறேன். நாளைக்கு அவனோட அம்மா வந்து எங்க எழுதுனீங்கன்னு கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்க? சூத்திரம் போட்டேன்னா?"

 ஒச்சம்மாள் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

லமியா மாமியைப் பார்த்தாள். அவளுக்கும் கிடங்குக் கதை தெரியும். அலாவுதீன் கேலியாகச் சொல்லிக் கேட்டிருந்தாள், இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. போனை நோக்கிக் குனிந்தாள். "சார், வரிசை இருக்கட்டும். அப்படியேதான் அனுப்பறேன். மாமி பேரும் இருக்கும், என் பேரும் இருக்கும். எடுக்கறதா இருந்தா ரெண்டையும் எடுத்துடுங்க." சொல்லிவிட்டு, சங்கர்ராம் பதில் சொல்வதற்குள் பொத்தானை அமுக்கி அனுப்பியும் விட்டாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. பிரிக்கவில்லை. வரைபடத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் போட்டு, பதினோராவது வரிசையை அப்படியே வைத்திருந்தார்கள். லமியாவின் வேலை நிரந்தரமாவது மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போனது. அதற்காக டீச்சர் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அரிசிப் பத்திரியும் கறியும் செய்து போட்டார். அச்சடித்த பக்கத்தை ஒச்சம்மாளுக்கும் காட்டினார். ஒச்சம்மாள் கட்டத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டு எடத்துலயா ஏழு லட்சம் பேரு?" என்று கேட்டார். தெருவில் சேதி பரவி, அன்றிலிருந்து டீச்சருக்குக் கொரியா டீச்சர் என்று பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வருஷம் இந்தியாவுக்கும் புத்தி வந்து, வீட்டுப் பட்டியல் எடுக்க ஆள் அனுப்பினார்கள். இந்த வார்டுக்கு வந்தவர் சங்கரி, டீச்சரின் பழைய பள்ளியில் இப்போது வேலை பார்க்கிற ஆசிரியை. காகிதம், பேனா எல்லாம் போய்விட்டது, எல்லாம் போனில்தான். சந்து பொந்து தெரியாததால் வழி காட்டக் கூப்பிட்டார். "எனக்கு அதிகாரம் ஒண்ணும் கெடையாது. வழி காட்டறேன், வாயத் தொறக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு டீச்சர் கிளம்பினார். ஒன்பது வீடுவரை சத்தியத்தைக் காப்பாற்றினார். பத்தாவது இன்னொரு சுக்குக் கிடங்கு.

மழை விட்டிருந்தது. முன்கதவில் பூட்டு. கணக்கப்பிள்ளை வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "கோடவுன்தான் டீச்சரே. ஆள் தாமசமில்லை" என்றார். வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. சங்கரி போனை எடுத்தார். குடியிருப்பு, குடியிருப்பில்லை என்று இரண்டு கட்டங்கள் வந்தன. கட்டைவிரல் இரண்டாவதின் பக்கம் போனது.

"சங்கரி, ஒரு நிமிஷம்" என்றார் டீச்சர்.

கிடங்கின் பக்கவாட்டுச் சந்துக்குள் நடந்தார். சங்கரி பின்னாலேயே போனார்; கணக்கப்பிள்ளை ஸ்டூலைவிட்டு எழுந்தார். கோடியில் ஒரு சின்னக் கதவு, ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே இருட்டு, சுக்குத் தூசி, எங்கோ கொதிக்கும் சோற்றின் வாசனை. டீச்சர் கதவைத் தட்டினார். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. இன்னொரு முறை தட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலிலும் இடது காலை அப்புறமும் செருப்பிலிருந்து எடுத்தார். இரண்டையும் சேர்த்து ஈரப் படியில் ஒழுங்காக வைத்தார். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே நுழைந்தார்.